கழுகு தலைக்குள்ள மூணு வரி

மார்ச் 3

அண்ணா,

போன்ல என்னை பிளாக் பண்ணிட்ட. சரி, பண்ணிக்கோ. மெயில்ல எப்படி பிளாக் பண்றதுன்னு உனக்குத் தெரியாது. உனக்கு மெயில் ஐடி ஆரம்பிச்சுக் கொடுத்ததே நான்தான். அதனால இதை நீ படிச்சுத்தான் ஆகணும்.

முதல்லயே ஒத்துக்கறேன். ரூலை மீறினது நான்தான். எனக்கு ஒன்பது வயசு, உனக்குப் பதிமூணு, நடுவுல ஒரே ஒரு நோட்டு. அன்னைக்குப் போட்ட ரூல். நீலப் பேனா உன்னோடது, கழுகு உன்னோட ஆள், கூரை கூரையா ஏறித் திருடுறவன். சிவப்புப் பேனா என்னோடது, எலி என்னோட ஆள், சந்து பொந்துல நுழைஞ்சு கீழ்வழியா வர்றவ. ஒரு அத்தியாயம் நான், அடுத்தது நீ. "என் ஆள் தலைக்குள்ள நீ வரக்கூடாது, உன் ஆள் தலைக்குள்ள நான் வரமாட்டேன். வெளியில இருந்து என்ன தெரியுதோ அதை மட்டும் எழுதணும்." நோட்டு போய் ஆப் வந்து, நாலாயிரம் பேர் வாராவாரம் ஞாயித்துக்கிழமை படிக்க வந்தப்புறமும் அந்த ரூல் மட்டும் மாறல. முப்பது அத்தியாயம் ஒழுங்கா இருந்தேன். முப்பத்தொண்ணுல சறுக்கிட்டேன். மூணே வரி.

நீ கோவத்துல முழுசா படிச்சிருக்க மாட்ட, அதனால இங்க ஒட்டறேன்.

"கழுகு ஏணியின் முதல் படியில் கை வைத்தான். பிறகு எடுத்துவிட்டான். 'இன்னைக்கு நீ போ' என்றான். எலி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுகுக்குப் பயமாக இருந்தது. மேலிருந்து விழுந்தால் தன் உடம்பு எப்படிக் கிடக்கும் என்று நினைத்துப் பார்த்தான். கால்கள் தன்னுடையவை அல்ல போலிருந்தன. எலி பூட்டைத் திறக்கக் குனிந்தாள்."

அவ்வளவுதான். எலி பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே வந்து, சட்டுனு அவன் தலைக்குள்ள குதிச்சு, மூணு வரி சுத்திட்டு, மறுபடி எலிகிட்டயே வந்து உக்காந்துட்டேன். கதை எழுதறவங்க குரூப்ல இதைப் போட்டா கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பாங்க. ஆனா நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட அதைக் கண்டுக்கல. "கழுகு அழவெச்சுட்டான்"னு எழுபது கமெண்ட். நம்ம வாசகர் மணிப்புறா62 வழக்கம்போல "கழுகு தம்பி நேரத்துக்குச் சாப்பிடுறதில்லை, அதான் கால் நடுங்குது"ன்னு போட்டிருக்காங்க.

முப்பத்திரண்டு உன்னோடது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாசல்ல நிப்பாங்க. எழுதுவியா?

வாலு


மார்ச் 4

வாலு,

அந்த மூணு வரியைத் தூக்கு. இன்னைக்கே.

எழுபது பேர் அழுதா என்ன, ஏழாயிரம் பேர் அழுதா எனக்கென்ன. கழுகு என் ஆள். அவன் பயப்படறானா இல்லையான்னு சொல்ல வேண்டியவன் நான். நீ எலி. எலிக்கு ஏணி தெரியும், கை தெரியும், அவன் சட்டைப் பட்டன் தெரியும். அதுக்கு மேல தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதறதுக்குப் பேர் எழுத்து இல்ல. அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்து பாக்கறது.

கழுகுக்குப் பயம் கிடையாது. இருபத்திரண்டாவது அத்தியாயத்துல மணிக்கூண்டு முள்ளைப் பிடிச்சுத் தொங்கினவன் அவன்.

நீ தூக்கலைன்னா முப்பத்திரண்டுல கழுகு பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போயிடுவான். அதோட கதை முடிஞ்சது. மிரட்டல் இல்ல, தகவல்.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

தூக்கிட்டேன். போய்ப் பாத்துக்கோ.

தூக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சேன். பல் கிளினிக்ல டாக்டர் யாருக்கோ வேர் சிகிச்சை பண்ணிட்டு இருந்தாரு, ரெண்டு மணி நேரம் யாரும் வரல. ரிசப்ஷன்ல உக்காந்து ஆரம்பத்துல இருந்து உன்னோடது எல்லாத்தையும் படிச்சேன். உன் மேல இருந்த கோவத்துல குத்தம் கண்டுபிடிக்கத்தான் ஆரம்பிச்சேன்.

இருபத்திரண்டு வரைக்கும் கழுகு எப்பவும் மேலதான் இருக்கான். தண்ணி டேங்க், மொட்டை மாடி, ஆன்டெனா. ஊரே அவனுக்குக் கீழ தீப்பெட்டி அடுக்கின மாதிரி தெரியும். நீ எழுதறதுல எனக்குப் பொறாமையே அதுதான், உயரத்துல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னுகூட எழுதுவ.

இருபத்திநாலுல அவனுக்குத் தோள்பட்டை வலி, அதனால டீக்கடையில உக்காந்து வேவு பாக்கறான். இருபத்தாறுல சாக்கடை வழியா வர்றான். இருபத்தெட்டுல கார் டிக்கியில ஒளிஞ்சுக்கறான். முப்பதுல அந்த அத்தியாயம் பூரா ஒரே நிலவறை. நாலு அத்தியாயமா கழுகு தரையை விட்டு ஒரு அடிகூட மேல போகல. சாக்கடையில போனப்பவே நான் கேட்டிருக்கணும், அது எலியோட வேலை. ஒரு வாசகர் கேட்டிருக்கார், "கழுகுக்கு ரெக்கை உதிர்ந்துடுச்சா?" நீ அவருக்குப் பதில் போடல. எல்லாருக்கும் போடுவ.

இன்னொண்ணு. முன்னாடி மத்தியானம் வீடியோ கால் பண்ணா உன் பின்னாடி வானம் இருக்கும். நீ லிஃப்ட் சர்வீஸ் பண்ற கட்டிடத்துல மெஷின் ரூமுக்கு வெளிய, மொட்டை மாடியில உக்காந்து சாப்பிடுவ. அம்மாகூட "இவனுக்கு டைனிங் ஹால் மேகத்துல"ன்னு சிரிப்பாங்க. கசியற பைப்பும் சுவரும் உன் பின்னாடி தெரிய ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு.

நான் உன் தலைக்குள்ள வரல. வெளியில இருந்து என்ன தெரியுதோ அதை மட்டும்தான் எழுதியிருக்கேன். ரூல் படிதான்.

என்ன ஆச்சுண்ணா?

வாலு


மார்ச் 7

வாலு,

ரெண்டு நாளா பதில் எழுதி எழுதி அழிச்சேன். இதை அம்மாகிட்ட சொன்னா உன் காதைத் திருகுவேன்.

ஜனவரி ஆறாம் தேதி. பத்து மாடிக் கட்டிடம், மாதாந்திர சர்வீஸ். லிஃப்ட் கூண்டோட தலைமேல ஏறி நின்னுக்கிட்டு அஞ்சாவது மாடி மட்டத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். ஸ்பேனரைக் கயித்துல கட்டி இடுப்புல மாட்டணும், அதுதான் முறை. கயிறு சிக்குதுன்னு அன்னைக்கு அவுத்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு. கை வழுக்கி, கூண்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற இடுக்குல ஸ்பேனர் போயிடுச்சு.

கீழ யாரும் இல்லைன்னு நினைச்சேன். லிஃப்ட் குழிக்குள்ள, அதாவது தரைக்கும் கீழ இருக்கற பள்ளத்துல, யாராவது இறங்கினா "கீழே ஆள்"னு கத்திட்டுத்தான் இறங்கணும். மேல இருக்கறவன் "சரி"ன்னு பதில் கத்தணும். பதில் வராம இறங்கக்கூடாது. யாரும் கத்தல. ஆனா டங்குனு சத்தம் கேட்டதும் கூடவே ஒரு மனுஷன் குரல் "அம்மாடி"ன்னுச்சு.

என் கூட்டாளி. கண்ணாடி அண்ணன்னு சொல்வேனே, பாட்டில் அடி மாதிரி கண்ணாடி போட்டவர், எனக்கு வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து ஜோடி.

நான் கீழ வந்தப்ப அவர் நடையில நின்னு கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டு இருந்தார். ஸ்பேனர் என் பெட்டியில ஒழுங்கா வெச்சிருந்தது. ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. அன்னையில இருந்து அவர் என்னைப் பாக்கறப்பெல்லாம் மனசுக்குள்ள காறித் துப்பறார். கொலைகாரன்னு நினைக்கறார். நல்ல மனுஷன், அதனால வாயால சொல்லல.

நீ பயம்னு சரியா பிடிச்ச. எதுக்குப் பயம்னு தப்பா எழுதிட்ட. விழறதுக்குப் பயமில்ல வாலு. கீழ யாராவது இருப்பாங்களோன்னு பயம். கூண்டு மேல கால் வெச்சா, அந்த இடுக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. கை வேலை செய்ய மாட்டேங்குது. அதான் உன்மேல அவ்வளவு எரிஞ்சு விழுந்தேன். பாதி சரியா இருந்ததால இன்னும் எரிஞ்சுது.

தோள்பட்டை வலின்னு பொய் சொல்லிக் குழி வேலையா வாங்கிப் பாத்துக்கிட்டு இருக்கேன். பதினெட்டாம் தேதி பதினாலு மாடிக் கட்டிடத்துல வருஷாந்திரச் சோதனை. ஃபோர்மேன் கூண்டு மேல ஏறற வேலைக்கு என் பேரைப் போட்டிருக்கார். போனா கை உறைஞ்சு நிப்பேன், கீழ இருக்கறவனுக்கு ஆபத்து. உண்மையைச் சொன்னா சீட்டுக் கிழியும். வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாம்னு இருக்கேன். ராஜினாமா எழுதி வெச்சுட்டேன். கழுகு பெட்டி கட்டறான்னு சொன்னது விளையாட்டுக்கு இல்ல.

அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

மூணு தடவை படிச்சேன். முதல் தடவை அழுதேன். ரெண்டாவது தடவை உன் ஸ்பேனரைத் திட்டினேன். மூணாவது தடவை எடிட்டரா படிச்சேன். அதுக்கு நீ என்னை அடிக்கலாம்.

"மனசுக்குள்ள காறித் துப்பறார்." "கொலைகாரன்னு நினைக்கறார்." "நல்ல மனுஷன், அதனால சொல்லல."

இது யார் பார்வைண்ணா?

லிஃப்ட் மேல நிக்கறது நீ. கடிதம் எழுதறது நீ. நடுவுல திடீர்னு அவர் மண்டைக்குள்ள குதிச்சு மூணு வரி எழுதிட்டு, மறுபடி உன் இடத்துக்கு வந்து உக்காந்துட்ட. நான் கழுகுக்குச் செஞ்சதை அச்சு அசலா நீ அவருக்குச் செஞ்சிருக்க. நான் கதையில செஞ்சேன், டெலிட் பண்ணிட்டேன். நீ ரெண்டு மாசமா நிஜ மனுஷனுக்குச் செஞ்சுக்கிட்டு இருக்க. அவர்கிட்ட கேட்டியா? ஒரு தடவையாவது?

நான் பாரு, ஏணியில கை வெச்சு எடுத்ததைச் சரியா பாத்தேன். காரணத்தை நானே போட்டேன், தப்பாப் போச்சு. எனக்கு அது ரொம்ப உறைச்சுது. கிளினிக்ல தினமும் இதான் பாக்கறேன். நாற்காலியில வாயைப் பிளந்து உக்காந்திருக்கறவர் கண்ணுல தண்ணி வரும். வலின்னு நினைச்சு டாக்டர் இன்னொரு ஊசி போடுவார். போன வாரம் ஒரு மாமா வாயைக் கழுவிட்டுச் சொன்னார், "வலியெல்லாம் இல்லம்மா, லைட்டு நேரா கண்ணுல அடிக்குது."

நீ வர்றதுன்னா வா. உன் ரூம்ல நான்தான் இருக்கேன், காலி பண்ணித் தர்றேன். ஆனா தெரியாத ஒண்ணுக்காகப் பெட்டி கட்டாத. ஒரு வீட்டுப்பாடம் தர்றேன். அவரைப் பத்தி எழுது. நீ கண்ணால பாத்தது, காதால கேட்டது மட்டும். "நினைக்கறார்"னு ஒரு வரிகூட வரக்கூடாது. நீ போட்ட ரூல்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த மூணு வரியை லைக்குக்காக எழுதல. நீ எதையுமே சொல்ல மாட்டேங்கற. கழுகு தலைக்குள்ளயாவது நுழைஞ்சு பாக்கலாமேன்னுதான்.

வாலு


மார்ச் 12

வாலு,

வீட்டுப்பாடம் எழுதினேன். சிரிக்காதே.

ஒண்ணு, முன்னாடி "என்ன மாப்ளே"ன்னு கூப்பிடுவார், இப்ப கூப்பிடறதில்ல. அப்புறம், அவர் டூல்ஸ் பெட்டியை என் ரேக்குல இருந்து எடுத்துக் கடைசி ரேக்குல வெச்சுட்டார். நான் சாப்பிட உக்காந்தா எழுந்துக்கறார். ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டா அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சுடறார், நான் திரும்பி வர்ற வரைக்கும் தொடைக்கறார்.

கடைசி வரியை எழுதிட்டுப் பேனாவை வெச்சுட்டேன். ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டா அவர் ஏன் தொடைக்கணும்? வெறுக்கறவன் முறைப்பான். இது வேற மாதிரி இருந்துச்சு. என்னன்னு தெரியல. அதனால நேத்து கை கழுவற குழாய்கிட்ட மடக்கிட்டேன்.

"அண்ணே, ஜனவரி ஆறாம் தேதி பத்திப் பேசணும்"னேன்.

கையில சோப்போட அப்படியே நின்னுட்டார். "சொல்லிட்டியா?"ன்னார்.

"எதை?"

"நான் கத்தாம குழியில இறங்கினதை. ஃபோர்மேன்கிட்ட."

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவரே மெதுவா சொன்னார். அன்னைக்குக் கீழ லிஃப்ட் வாசல்ல குனிஞ்சு எட்டிப் பாத்தாராம். கண்ணாடி வழுக்கிக் குழிக்குள்ள விழுந்துடுச்சாம். கண்ணாடி இல்லாம அவருக்குத் தன் கையே தெரியாது. அவர் கத்தணும், நான் பதில் கத்தணும், எதுக்கு இறங்கறீங்கன்னு நான் கேப்பேன், அப்புறம் காலம் பூரா கேலி பண்ணுவேன்னு சத்தம் போடாம இறங்கிட்டார். லிஃப்டை நகர விடாம நிறுத்தற ஸ்டாப் சுவிட்சும் போடல. தடவிக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல டங்குனு விழுந்துச்சு.

"நீ ஸ்பேனர் போட்டது தப்புதான்"னார். "ஆனா நீ கூண்டைக் கீழ இறக்கியிருந்தா நான் அப்பளம். அது யார் தப்பு? ஏற்கெனவே ஒரு தடவை எழுத்துல எச்சரிக்கை வாங்கியிருக்கேன். நீ முகம் கொடுத்துப் பேசாதப்பவே முடிவு பண்ணிட்டேன், இவன் என்னை மாட்டி விடத்தான் போறான்னு."

"நான் உங்களைக் கொல்லப் பாத்தேன்னு நீங்க நினைக்கலையா?"

"நீயா? அஞ்சு மாடியில இருந்து குறி பார்த்துப் போட்டு மிஸ் பண்ணவனா?"

ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் தொடச்சார். ஏன்னு கேட்டேன். "கை நடுங்குது, அதான்"னார்.

ரெண்டு மாசமா அவர் என்னைப் பாத்துப் பயந்திருக்கார். நான் அவரைப் பாத்து. ஒரே ரூம்ல.

ஆனா கை நடுக்கம் போகல வாலு. அவருக்கும் போகல, எனக்கும் போகல. பதினெட்டு அப்படியேதான் இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து ஃபோர்மேன்கிட்ட போறோம். ராஜினாமாவும் சட்டைப் பையிலதான் இருக்கு.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

நேத்து என்ன ஆச்சுன்னு சொல்லல. கேக்க மாட்டேன். கேக்கறேன். என்ன ஆச்சு?

இங்க ஒரு விஷயம். மணிப்புறா62 யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். அம்மா குளிக்கப் போனாங்க, போன் டேபிள் மேல கிடந்துச்சு. நான் எடுக்கல, அதுவா ஒளிர்ந்துச்சு. "உங்கள் கமெண்டுக்கு 12 லைக்." அண்ணா, ஏழு மாசமா கழுகு சாப்பிட்டானான்னு கேட்டுக்கிட்டு இருக்கறது அம்மா.

எலியைப் பத்தி ஒரு தடவையாவது கேட்டிருக்காங்களான்னு தேடினேன். ஒரே ஒரு கமெண்ட். "இந்தப் பொண்ணு ரொம்பப் பேசுது."

அம்மா உன் தலைக்குள்ள வர்றதில்ல. வாசல்ல நின்னு சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கறாங்க. நான் இதை அவங்ககிட்ட காட்டிக்கல. நீ சொல்றப்ப சொல்லு.

அப்புறம் முப்பத்திரண்டு. போன ஞாயிறு போடாததால ஜனங்க கொந்தளிக்கறாங்க. கழுகை எழுத உனக்கு இப்ப முடியலைன்னா எலியை எடுத்துக்கோ. ஒரே ஒரு தடவை. எலி தலையை உனக்குத் திறந்து விடறேன். கீழ நிக்கறவளுக்கு என்ன தெரியும்னு நீ எழுது. கழுகு தலைக்குள்ள மட்டும் போகாத, அவன் எலிக்கு வெளியாள்.

சிவப்புப் பேனா இந்தா.

வாலு


மார்ச் 20

வாலு,

ஃபோர்மேன் கத்தினது பக்கத்துக் கட்டிடத்துக்குக் கேட்டிருக்கும். ரெண்டு பேருக்கும் எழுத்துல எச்சரிக்கை. கண்ணாடி அண்ணனுக்கு இது ரெண்டாவது, மூணாவது வந்தா வீடு. ஒரு மாசத்துக்கு நாங்க ரெண்டு பேரும் கூண்டு மேல ஏறக்கூடாது, அப்புறம் அவர் முன்னாடி ஏறிக் காட்டணும். "பயமா இருக்குன்னு சொல்ல ரெண்டு மாசமாடா?"ன்னார். ராஜினாமாவை நான் நீட்டல. அது இன்னும் பையிலதான் இருக்கு, துணியோட துவைச்சுட்டேன், கஞ்சி போட்ட மாதிரி ஆயிடுச்சு.

பதினெட்டாம் தேதி ஃபோர்மேனே மேல ஏறினார். நான் குழியில. "கீழே ஆள்"னு கத்தினேன். "சரி"ன்னார். அப்புறம்தான் இறங்கினேன். நிமிர்ந்து பாத்தா கூண்டோட அடிப்பக்கம், ஓரத்துல ஒரு கோடு வெளிச்சம். மேல இருக்கறவன் முகமே தெரியாது. குரல் மட்டும்தான் வரும். இவ்வளவு வருஷம் நான் மேல நின்னப்ப கண்ணாடி அண்ணன் பாத்தது இதைத்தான். அதை நான் யோசிச்சதே இல்ல.

ஒரு மாசம் கழிச்சு என் கை என்ன செய்யும்னு தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன்.

அம்மாகிட்ட நானே பேசிட்டேன். முழுசா கேட்டுட்டு "சாப்பிட்டியா"ன்னாங்க. "மணிப்புறா கேக்குதா, நீங்க கேக்கறீங்களா"ன்னேன். போனை வெச்சுட்டாங்க.

உன்னை அன்பிளாக் பண்ணிட்டேன். எப்படின்னு கண்ணாடி அண்ணன்தான் காட்டினார்.

முப்பத்திரண்டு கீழ இருக்கு. ஞாயித்துக்கிழமை போட்டுடு. எலியை ரொம்பப் பேச விட்டிருந்தா அம்மாவைச் சமாளிக்க வேண்டியது நீ.

அண்ணன்


அத்தியாயம் 32

எலி ஏணியின் அடியில் நின்றாள். இந்த முறை கழுகு ஏறிக்கொண்டிருந்தான்.

கீழேயிருந்து அவளுக்கு அவன் முகம் தெரியவில்லை. இரண்டு செருப்புகளின் அடிப்பகுதிகள் மட்டும் தெரிந்தன. இடதுகால் செருப்பு குதிகாலில் தேய்ந்திருந்தது. இத்தனை வருடம் கூடவே திருடியும் அதை அவள் கவனித்ததில்லை.

நான்காவது படியில் செருப்புகள் நின்றன.

எலி காத்திருந்தாள். ஏணி லேசாக நடுங்கியது. அது காற்றா, அவன் காலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவனுக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்று நினைத்தாள். பிறகு, இல்லை, கீழே நான் நிற்பதுதான் அவனுக்குப் பயமோ என்று நினைத்தாள். அவனுக்கு என்மேல் கோபம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தாள். மூன்றில் எதற்கும் அவளிடம் சாட்சி இல்லை. கண்முன் இருந்தவை இரண்டு செருப்புகள்.

திருட வந்த இடத்தில் சத்தம் போடக்கூடாது என்பது அவர்கள் தொழிலின் முதல் விதி. எலி இரண்டு கைகளாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"கீழே நான் இருக்கேன். நீ என்ன யோசிக்கிற?"